படமும் பாடபேதமும்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றினார். பல ஊர்களிலிருந்து தேடிப் பெற்ற ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே அவர் பாடங்களைத் துணிந்தார் என்பது தமிழாசிரியர் அனைவரும் அறிந்தது. ஓர் ஏட்டிலுள்ள சொல் பிழையெனத் தோன்றினும், அந்த ஏட்டைச் சுரண்டித் திருத்துவது நல்ல பதிப்பாசிரியரின் வழக்கமன்று. ஏடு இருந்தபடியே இருக்கும். கொண்ட பாடம் அச்சில் ஏறும். தள்ளிய பாடம் பாடபேதமாக அடிக்குறிப்பில் நிற்கும். பின்வருவோர் பதிப்பாசிரியரின் முடிவை ஏற்கலாம்; மறுக்கவும் செய்யலாம். அதற்கு வேண்டிய சான்றுகளை அவரே விட்டுச் செல்கிறார்.

இன்றைய ஒளிப்படக் கலையும் ஏறக்குறைய இதே நெறியைக் கைக்கொண்டிருக்கிறது. கணினியில் படத்தைத் திருத்தும் சிறந்த மென்பொருள்கள் மூலப்படத்தைத் தொடுவதில்லை. செய்த திருத்தங்கள் யாவும் தனியே ஒரு பதிவேட்டில் எழுதப்படுகின்றன. அப்பதிவேடு சிதைந்தால் மூலப்படம் பிழைத்திருக்கும். ஆனால் பாடபேதக் குறிப்பு முழுவதும் மறைந்துவிடும். பழைய பள்ளிப் படங்களையும் கோயில் விழாப் படங்களையும் திரட்டிக் கணினியில் ஏற்றும் பணி பரவிவரும் இந்நாளில், அக்குறிப்பை இழவாமல் காப்பது எங்ஙனம், இழக்க நேரின் மீட்பது எங்ஙனம் என்பன ஆராயத்தக்கன.

திருத்தம் எழுதப்படும் இடம்

நல்ல கேமராக்கள் படத்தை இரு வகையில் சேமிக்கும். ஒன்று, உடனே பார்க்கத்தக்க ஜேபெக் கோப்பு. மற்றொன்று, கேமராவின் உணர்தகடு பெற்ற ஒளியளவுகளை அப்படியே தாங்கும் ரா கோப்பு. இதனை மூலக்கோப்பு எனலாம். மூலக்கோப்பைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினாலும், ஓரத்தை வெட்டினாலும், நிறத்தைச் சமன் செய்தாலும் அதனுள் ஒரு புள்ளியும் மாறுவதில்லை. 'வெளிச்சத்தை இத்துணை கூட்டுக. இடப்புறத்தில் இத்துணை விடுக' என்பன போன்ற கட்டளைகளே குறித்துக்கொள்ளப்படுகின்றன. படத்தைத் திரையில் காட்டும்போதெல்லாம் மென்பொருள் அக்கட்டளைகளை மூலத்தின்மேல் ஏற்றிக் காட்டுகிறது.

அடோபி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட லைட்ரூம் என்னும் மென்பொருள் இம்முறையைப் பரப்பியவற்றுள் தலையாயது. அதில் கட்டளைகள் எழுதப்படும் பதிவேட்டிற்குக் கேட்டலாக் என்று பெயர். அஃது எஸ்.கியூ.லைட் என்னும் தரவுத்தள முறையில் அமைந்த ஒரே கோப்பு. அம்முறையை ரிச்சர்ட் ஹிப் என்பார் 2000ஆம் ஆண்டில் உருவாக்கினார். படம் எந்த டிஸ்கில் எந்த அடுக்கில் உள்ளது, அதன் விளக்கக் குறிப்பு யாது, எத்தொகுப்பைச் சேர்ந்தது, எந்தெந்தத் திருத்தம் எந்த வரிசையில் செய்யப்பட்டது என்பன யாவும் அதில் உள. படம் மட்டும் அதனுள் இல்லை.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை இதற்கு ஒப்பிடலாம். பதிவேட்டில் மாணவர் பெயரும் பிறந்த நாளும் சேர்ந்த நாளும் இருக்கும்; மாணவர் வகுப்பறையில் இருப்பர். பதிவேட்டைக் கறையான் அரித்துவிட்டால் மாணவர் எவரும் மறைந்துவிடுவதில்லை. ஆனால் யார் எப்போது வந்தார், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பிற்கு ஏறினார் என்னும் வரலாறு போய்விடுகிறது. அதைத் திரும்ப எழுத வேண்டுமானால், ஒவ்வொரு மாணவர் கையிலும் உள்ள சான்றிதழைக் கேட்டுப் பெறவேண்டும். சான்றிதழ் கையில் இல்லாத மாணவருடைய வரலாற்றைப் பழைய ஆசிரியரின் நினைவிலன்றி வேறெங்கும் தேட இயலாது.

தேரும் வகுப்புப் படமும்

இவ்வரலாறு போனால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கக்கூடும். பினாங்கிலேயே இதற்கு விடை உண்டு.

ஜார்ஜ் டவுன் நகரத்துத் தைப்பூசத்தில் நகரத்தாரின் வெள்ளித் தேர் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். 2017ஆம் ஆண்டு முதல் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் தங்கத் தேரும் விழாவில் வலம் வருகிறது. இனி, 1970களில் எடுத்த வண்ணப்படம் ஒன்று ஸ்கேன் செய்யப்படுகிறது என்று கொள்வோம். அச்சுத்தாளின் நிறம் மங்கிப் பழுத்திருக்கிறது. திருத்துவோர் பழுப்பை நீக்க முயன்று, முடிவில் செம்மஞ்சள் சாயலைச் சற்றே மிகுவித்துவிடுகிறார். வெள்ளித் தேர் பொற்றேர்போல் மின்னுகிறது. ஸ்கேன் செய்த கோப்பில் ஸ்கேன் செய்த நாளே இருக்கும். படம் எடுத்த நாள் இராது. ஐம்பது ஆண்டு கழித்து அதைக் காணும் ஆராய்ச்சியாளர், அஃது எந்தத் தேர், எந்தக் காலத்துத் தேர் என்பதில் தடுமாறுவார். 'நிறச்சமன் மாற்றப்பட்டது, மஞ்சள் கூட்டப்பட்டது' என்னும் ஒரே வரி அவருக்குக் கிடைத்தால் ஐயம் தீரும்.

வகுப்புப் படங்களில் இக்கேடு இன்னும் நுண்ணியது. பினாங்கு இலவசப் பள்ளியில் 1816ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தோற்றமாகக் கொண்டு, 2016ஆம் ஆண்டில் 200 ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. அத்தகைய விழாக்களுக்காகப் பழைய மாணவர் வீடுகளிலிருந்து வகுப்புப் படங்கள் வெளிவருகின்றன. அவற்றுள் பல பூஞ்சை படிந்தவை, மடிப்பில் கிழிந்தவை. கிழிசல் ஒரு சிறுமியின் முகத்தின் குறுக்கே சென்றிருக்கும். இன்றைய மென்பொருள்கள் அம்முகத்தை முழுமையாக்கித் தரவல்லவை. ஆனால் அவை தரும் கண்ணும் வாயும் அச்சிறுமியுடையன அல்ல. எண்ணிறந்த பிற முகங்களைப் பயின்று ஊகித்துத் தீட்டியவை. அவளுடைய பேரப்பிள்ளைகள் அதனைப் பாட்டியின் முகமென்று சட்டமிட்டு மாட்டுவர். எவ்வளவு பகுதி ஒளி தந்தது, எவ்வளவு பகுதி மென்பொருள் தந்தது என்று கூறவல்ல ஒரே சான்று திருத்த வரலாறே.

ஆகவே திருத்த வரலாறு படத்தொழிலாளியின் வசதிக்கு மட்டும் உரியதன்று. படம் சான்றாக நிற்பதற்கு அது வேண்டும்.

பதிவேடு சிதையும் வகை

தரவுத்தளக் கோப்பு என்பது பக்கங்களாகப் பகுக்கப்பட்டு, ஒரு பக்கம் மற்றொன்றைச் சுட்டுமாறு பின்னப்பட்டது. ஒரு திருத்தத்தை எழுதப் பல பக்கங்கள் மாறவேண்டும். பாதி மாறி மீதி மாறாத நிலையில் மின்சாரம் நின்றால், சுட்டும் பக்கமும் சுட்டப்படும் பக்கமும் பொருந்தாமல் போகலாம். இடியும் மின்னலும் மிகுந்த நாட்டில் இஃது அரிய நிகழ்ச்சியன்று. இதைத் தடுக்கவே எஸ்.கியூ.லைட் முறையில் ஒரு குறிப்புக் கோப்பு உடன் வைக்கப்படுகிறது. செய்யவிருக்கும் மாற்றமோ மாறுமுன் இருந்த நிலையோ அதில் எழுதப்படும். மின்சாரம் மீண்டபின் மென்பொருள் அக்குறிப்பைப் படித்துக் கோப்பைச் சீராக்கிக்கொள்ளும்.

அங்ஙனமாயின் சிதைவு வருவது எவ்வாறு? எஸ்.கியூ.லைட்டை உருவாக்கியோரே அதன் காரணங்களை வரிசைப்படுத்தி வெளியிட்டுள்ளனர். எழுதும்போதே கோப்பைப் படியெடுத்தல். குறிப்புக் கோப்பைப் பயனற்றதெனக் கருதி நீக்கிவிடுதல். எழுதிவிட்டதாகச் சொல்லி எழுதாதிருக்கும் டிஸ்க். பூட்டு முறை சரியாக இயங்காத வலையமைப்பு டிஸ்கில் கோப்பை வைத்தல் என்பன அவற்றுள் சில. வெளியிணைப்பு டிஸ்கை முறைப்படி நிறுத்தாமல் பிடுங்குவதும், இணையச் சேமிப்போடு தானே ஒத்திசையும் அடுக்கில் பதிவேட்டை வைத்து இரு கணினிகளில் மாறிமாறித் திறப்பதும் இவற்றின் கிளைகளே.

ஒத்திசைவு காப்புப்படி ஆகாது என்பது ஈண்டு வற்புறுத்தத்தக்கது. ஒத்திசைவு ஓரிடத்து மாற்றத்தை மற்றோரிடத்திலும் செய்வது. நல்லது மாறினால் நல்லது செல்லும். கெட்டது மாறினால் கெட்டதும் அவ்வாறே செல்லும். காப்புப்படி என்பது நேற்றைய நிலையை நேற்றையதாகவே நிறுத்தி வைப்பது.

சிதைந்தபின் செய்யத்தக்கன

முதலாவது, கை வைக்காதிருத்தல். பதிவேடு திறக்கவில்லை என்றவுடன் பலமுறை திறந்து பார்ப்பதும், கண்ணில் பட்ட கோப்பையெல்லாம் நீக்கிப் பார்ப்பதும் இழப்பைப் பெருக்கும். மென்பொருளை மூடிவிட்டு, பதிவேடு இருக்கும் அடுக்கை முழுவதுமாக வேறு டிஸ்கிற்குப் படியெடுக்கவேண்டும். லைட்ரூமில் பதிவேட்டின் அருகே ஜர்னல் என்றோ டபிள்யூ.ஏ.எல். என்றோ முடியும் கோப்பு இருந்தால், மேலே கூறிய குறிப்புக் கோப்பு அதுவே. கடைசியாகச் செய்த திருத்தங்கள் அதில் தங்கியிருக்கலாம், அதனைப் பிரித்தலாகாது. 2021ஆம் ஆண்டின் 11ஆம் பதிப்பு முதல் டேட்டா என முடியும் துணைக் கோப்பொன்றும் பதிவேட்டோடு சேர்ந்து வருகிறது; அதுவும் உடன் செல்லவேண்டும். இனிச் செய்யும் முயற்சிகள் யாவும் படியின்மேல் மட்டுமே செய்யத்தக்கன. டிஸ்கே பழுதுபட்டு ஓசை எழுப்புமாயின், வேறெதுவும் செய்யுமுன் டிஸ்க் முழுவதையும் படியெடுத்தல் கடன்.

இரண்டாவது, நோயைச் சரியாக அறிதல். சிதைவெனத் தோன்றுவன யாவும் சிதைவல்ல. கணினி திடீரென நின்றபோது லாக் என முடியும் பூட்டுக் கோப்பு எஞ்சிவிட்டால், பதிவேடு பயன்பாட்டில் உள்ளதென்று மென்பொருள் திறக்க மறுக்கும். மென்பொருள் எக்கணினியிலும் இயங்கவில்லை என்று உறுதி செய்தபின் அப்பூட்டுக் கோப்பை மட்டும் நீக்கலாம். பூட்டுக் கோப்பையும் குறிப்புக் கோப்பையும் ஒன்றாகக் கருதி இரண்டையும் நீக்குவோர் உளர். முன்னதை நீக்குவதால் கேடில்லை, பின்னதை நீக்குவது பெருங்கேடு. படங்கள் காணப்படவில்லை என்னும் அறிவிப்பும் பதிவேட்டின் சிதைவைக் குறிப்பதன்று. படங்களின் அடுக்கு இடம் மாறியதையே அது குறிக்கும்; புதிய இடத்தைக் காட்டினால் போதும்.

மூன்றாவது, காப்புப்படியை நாடுதல். லைட்ரூம் மூடும்போது பதிவேட்டிற்குக் காப்புப்படி எடுக்கட்டுமா என்று வினவும். நாளிட்ட அடுக்கில் அதை வைக்கும். அவ்வினாவை ஒத்திப்போட்டுப் பழகியவர்க்கு அந்நாளில் வருத்தமே எஞ்சும். பழைய காப்புப்படி கிடைத்தால், அந்நாள்வரை செய்த பணி முழு வரலாற்றோடும் மீளும். அதற்குப் பின் செய்த பணிக்குத் துணைக்கோப்புகளை நாடவேண்டும்.

நான்காவது, காப்புப்படியும் இல்லாதபோது சிதைந்த பதிவேட்டிலிருந்தே இயன்றதை வாரியெடுத்தல். லைட்ரூமே பழுது நீக்கும் வசதி ஒன்றைத் தரும். அது வெற்றி பெறின் நன்று. இல்லையேல் எஸ்.கியூ.லைட்டின் கருவி உதவும். கோப்பின் நலத்தைச் சோதிக்க ஒரு கட்டளை உண்டு. 2019ஆம் ஆண்டு முதல் ரெக்கவர் என்னும் கட்டளையும் உண்டு. அது பின்னல் அறுந்த பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்து, படிக்க முடிந்த வரிகளைப் புதிய கோப்பில் சேர்க்கும். எந்த அட்டவணைக்கு உரியதென்று தெரியாத வரிகளைத் தனியே குவிக்கும். சிதறிய ஏடுகளை எண் பார்த்து அடுக்கி, எண் அழிந்தவற்றைத் தனிக் கட்டாக வைப்பது போன்றது இது. மீண்ட கோப்பைத் திறந்தவுடன் எல்லாம் வந்துவிட்டதென்று மகிழலாகாது. படங்களின் தொகையையும் வரலாற்று வரிகளையும் பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தே துணியவேண்டும்.

துணைக்கோப்பு தாங்குவன, தாங்காதன

துணைக்கோப்பு என்பது ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதே பெயரோடு கிடக்கும் சிறு எழுத்துக் கோப்பு. அடோபி 2001ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய எக்ஸ்.எம்.பி. என்னும் முறையில் அஃது எழுதப்படுகிறது. 2012ஆம் ஆண்டில் இம்முறை அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. எளிய எழுத்துக் கோப்பாதலின் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். சேர்க்கைப் பதிவேடு அழிந்தபோது மாணவர் கையில் இருக்கும் சான்றிதழ் போன்றது இது.

லைட்ரூமில் இத்துணைக்கோப்பைத் தானே எழுதும் வசதி உண்டு. ஆனால் தொடக்கத்தில் அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அமைப்பில் சென்று இயக்கினாலன்றி ஒன்றும் எழுதப்படாது. இயக்கியபின் மூலக்கோப்புகளுக்குப் பக்கத்தில் துணைக்கோப்பு தோன்றும். ஜேபெக், டிஃப், டி.என்.ஜி. ஆகிய கோப்புகளாயின் அவற்றின் உள்ளேயே குறிப்பு எழுதப்படும்.

அதிலும் முழு வரலாறு இல்லை என்பதை அறியவேண்டும். இறுதி நிலையின் அளவுகள் துணைக்கோப்பில் வரும். படிப்படியாகச் சென்ற வழி வராது. ஒரே மூலத்திற்குச் செய்த மாற்றுப் படிகளும், படங்களைத் தொகுத்த தொகுப்புகளும் வாரா. துணிந்த பாடம் பிழைக்கும். பாடபேதம் பிழைக்காது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம். இக்குறையை ஓரளவு ஈடு செய்ய வழியுண்டு. முதன்மையான ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்னாப்ஷாட் என்னும் நிலைப்பதிவைச் செய்து, 'பூஞ்சைக் கறை நீக்கியது', 'முகத்தைச் சீர் செய்தது' என்று பெயரிட்டு வைத்தால், அந்நிலைகள் துணைக்கோப்பிலும் ஏறும்.

விலையின்றிக் கிடைக்கும் டார்க்டேபிள் என்னும் மென்பொருள் வேறு வழியில் சென்றது. அதிலும் ஒரு தரவுத்தளம் உண்டு. ஆனால் ஒவ்வொரு படத்தின் திருத்த அடுக்கு முழுவதும் வரிசை மாறாமல் துணைக்கோப்பிலும் எழுதப்படுகிறது. தரவுத்தளம் முற்றும் அழிந்தாலும், படங்களைத் துணைக்கோப்புகளோடு மீண்டும் உட்சேர்த்தால் திருத்தங்கள் திரும்பி வரும்.

பழைய காப்புப்படியையும் புதிய துணைக்கோப்புகளையும் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். முதலில் துணைக்கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் படியெடுத்து வைக்கவேண்டும். பின்னர்ப் பழைய பதிவேட்டைத் திறந்து, காப்புப்படியின் நாளுக்குப் பின் மாறிய துணைக்கோப்புகளை உடைய படங்களை மட்டும் தேர்ந்து, கோப்பிலிருந்து குறிப்பைப் படிக்குமாறு ஏவவேண்டும். எல்லாப் படங்களுக்கும் ஒருங்கே ஏவினால், பதிவேட்டில் இருந்த நல்ல குறிப்பின்மேல் பழைய துணைக்குறிப்பு ஏறிவிடலாம். எதிர்த்திசையில் ஏவினாலோ, புதிய துணைக்குறிப்பைப் பழைய பதிவேடு அழித்துவிடும். இரு சான்றுகள் முரணும்போது எது பிந்தியது என்று நாள் பார்த்துத் துணிவதே இங்கும் நெறி.

மேற்கோளில் பிழைத்தவை

வளையாபதியும் குண்டலகேசியும் முழுநூலாகக் கிடைக்கவில்லை. உரையாசிரியர் காட்டிய மேற்கோள்களாலும் புறத்திரட்டுப் போன்ற தொகைநூலாலும் அவற்றின் செய்யுட்கள் சில எஞ்சின. முத்தொள்ளாயிரத்தின் செய்யுட்கள் பல கிடைத்ததும் புறத்திரட்டாலேயே. நூல் அழிந்தாலும், அதை எடுத்தாண்டவர் கையில் ஒரு பகுதி வாழ்கிறது.

படத்திற்கும் இது பொருந்தும். பதிவேடும் காப்புப்படியும் துணைக்கோப்பும் ஒருங்கே போனாலும், விழா மலருக்கோ செய்தித்தாளுக்கோ உறவினருக்கோ அனுப்பிய ஜேபெக் படி எங்கேனும் இருக்கும். லைட்ரூமிலிருந்து எல்லாக் குறிப்புகளோடும் வெளியிட்ட படியாயின், திருத்தத்தின் இறுதி அளவுகள் அதனுள்ளேயே பொதிந்திருக்கும். எக்சிஃப்டூல் என்னும் விலையில்லாக் கருவியால் அவற்றைப் படித்தெடுக்கலாம். வாட்ஸ்அப் போன்றவற்றின் வழியே படமாக அனுப்பிய படிகளில் இக்குறிப்புகள் நீக்கப்படுதலின், மின்னஞ்சலில் இணைத்த கோப்பையோ பென்டிரைவில் கொடுத்த கோப்பையோ தேடுவது பயன் தரும். லைட்ரூம் விரைந்து காட்டுவதற்காக வைத்திருக்கும் முன்காட்சிப் படங்களும் ஓரளவு உதவும். திருத்தியபின் படம் எவ்வாறு தோன்றிற்று என்பதை அவை காட்டும். எவ்வாறு திருத்தினர் என்பதைக் காட்டா.

லண்டன் நூலகத்தில் நிகழ்ந்தது

தனிமனிதர் பதிவேட்டிற்கு நேர்வது பெருநிறுவனத்திற்கும் நேரும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. ரைசிடா என்னும் கூட்டத்தார் பணம் கேட்டனர், நூலகம் கொடுக்கவில்லை. நூல்கள் அடுக்குகளில் இருந்தன. ஆனால் எந்நூல் எங்குள்ளதென்று தேடும் அட்டவணை முடங்கியது. முதன்மை அட்டவணை படிக்க மட்டும் இயலும் வகையில் மீண்டும் வெளிவந்த நாள் 2024ஆம் ஆண்டு ஜனவரி 15.

இதில் தமிழர்க்கும் தொடர்புண்டு. அந்நூலகம் நடத்தும் அழிநிலை ஆவணக் காப்புத் திட்டத்தில், தமிழ்நாட்டுப் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கணினிப் படமாக்கினர். அத்திட்டத்தின் படங்களும் தாக்குதலுக்குப் பின் நெடுநாள் இணையத்தில் எட்டாதிருந்தன. ஆனால் அத்திட்டத்தின் நெறி ஒன்று போற்றத்தக்கது: மூல ஆவணம் தன் நாட்டைவிட்டுப் போகாது, கணினிப் படியும் அந்நாட்டு நிறுவனம் ஒன்றில் வைக்கப்படும். ஓரிடத்துக் கதவு மூடினும் மற்றோரிடத்துக் கதவு திறந்திருக்கும்.

நூலகம் 2024ஆம் ஆண்டு மார்ச்சில் தன் அனுபவத்தை அறிக்கையாக வெளியிட்டது. கணினித் தொகுப்புகளின் பாதுகாப்பான படிகள் இருந்தும், அவற்றை இறக்கிவைத்து இயக்கத்தக்க அமைப்பு இல்லாமையால் மீட்சி தாமதித்தது என்பது அதன் படிப்பினைகளுள் ஒன்று. காப்புப்படி வைத்திருப்பது வேறு. அதிலிருந்து மீட்டுக் காட்டுவது வேறு. ஒருமுறையேனும் மீட்டுப் பார்க்காத காப்புப்படியை நம்பியிருத்தல் ஆகாது.

படிப்போர் இல்லாத எழுத்து

பதிவேடு சிதையாமலே வரலாறு மறைவதும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் தன் அப்பர்ச்சர் மென்பொருளைக் கைவிடுவதாக 2014ஆம் ஆண்டில் அறிவித்தது. 2019ஆம் ஆண்டின் இயங்குதளத்தில் அஃது இயங்கவில்லை. அதில் செய்த திருத்தங்களை லைட்ரூமிற்கு அவ்வாறே மாற்ற இயலவில்லை; படமும் குறிப்பும் வந்தன, திருத்தம் வரவில்லை. கூகுளின் பிக்காசா 2016ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அது திருத்தங்களை ஒவ்வோர் அடுக்கிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோப்பில் எழுதிவந்தது. படங்களை மட்டும் தேர்ந்து வேறு டிஸ்கிற்கு மாற்றியவர் அதனை அறியாமலே விட்டுச் சென்றனர். வட்டெழுத்து கல்லில் சிதையாமல் நின்றும், படிப்போர் அருகியபின் ஊராருக்கு வெறும் கோடாகத் தோன்றிய நிலை இது.

ஆதலின் கட்டளைகளை மட்டும் நம்பாமல், திருத்தி முடித்த படத்தையும் முழு அளவில் டிஃப் கோப்பாக வெளியிட்டு மூலத்தோடு வைத்தல் நன்று. மூலம், கட்டளை, முடிந்த படம் ஆகிய மூன்றும் இருந்தால் ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகும்.

விளக்கக் குறிப்புகளின் எழுத்தும் கருதத்தக்கது. யூனிகோடு பரவுமுன் டிஸ்கி முதலிய பல எழுத்துக் குறியீடுகளில் தமிழ் எழுதப்பட்டது. அக்காலத்தில் இட்ட பெயரும் ஊரும் இன்று பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. அவற்றை அழித்துவிடாமல், உரிய மாற்றுக் கருவியால் யூனிகோடுக்கு மாற்றி, பழையதையும் உடன் வைத்தல் வேண்டும்.

நாட்கடன்

சிதைந்தபின் மீட்பதைவிடச் சிதையாமல் வைப்பது எளிது. ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ வகுத்த விதி இத்துறையில் பரவலாகக் கொள்ளப்படுகிறது: படிகள் மூன்று, அவை தங்கும் சாதனங்கள் இரு வகை, அவற்றுள் ஒரு படி வேறோர் இடத்தில். லைட்ரூம் தன் காப்புப்படியைப் பதிவேட்டின் அருகிலேயே வைக்க முனைவதால், வேறு டிஸ்கைக் காட்டிக்கொடுக்கவேண்டும். 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5ஆம் நாட்களில் பினாங்கைப் பெருவெள்ளம் சூழ்ந்ததை நினைப்போர்க்கு மூன்றாம் படி ஏன் வேறிடத்தில் இருக்கவேண்டும் என்று விளக்க வேண்டுவதில்லை. கீழ்த்தளத்து அலமாரியில் இருந்தால் மூன்று படிகளும் ஒரே நீரில் நனையும்.

பள்ளியிலோ சங்கத்திலோ இப்பணி செய்வோர் வாரந்தோறும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். அந்நாளில் மென்பொருளை மூடும்போது நலச் சோதனையோடு காப்புப்படி எடுத்தல், துணைக்கோப்புகள் எழுதப்படுகின்றனவா என்று இரண்டொரு படங்களில் பார்த்தல், படியை வெளியிடத்திற்கு அனுப்புதல் ஆகிய மூன்றும் செய்தால் போதும். ஆண்டிற்கு ஒருமுறை பழைய காப்புப்படி ஒன்றை வேறு கணினியில் திறந்து பார்க்கவேண்டும்.

இவற்றோடு ஒரு குறிப்பேடும் தேவை. மென்பொருளின் வரலாறு எதைச் செய்தனர் என்று கூறும். ஏன் செய்தனர் என்று கூறாது. 'வலக்கோடியில் நிற்பவரின் முகம் கிழிசலில் மறைந்தது. இடக்கண்ணும் கன்னமும் ஊகித்துத் தீட்டப்பட்டன. மூலம் இன்ன கோப்பில் உள்ளது' என்று இரண்டு வரி, செய்தவர் பெயரோடும் நாளோடும், எளிய எழுத்துக் கோப்பில் எழுதிப் படத்தோடு வைக்கலாம். அச்சிட்டுக் கோப்பில் கட்டியும் வைக்கலாம். பதிவேட்டை மீட்க நேர்ந்தால் மீட்ட வரலாற்றையும் அதில் எழுதவேண்டும்: எந்நாள் சிதைந்தது, எவை மீண்டன, எவை மீளவில்லை என்பன. மீளாததை மறைத்துவிட்டால், பின்வருவோர் இருப்பதையே முழுமையென்று கொள்வர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பள்ளிகள் பல இடம் பெயர்ந்தும் மூடப்பட்டும் போன இந்நாட்டில், அப்பள்ளிகளின் முன்வாயிலில் ஆசிரியர் நடுவில் அமர, மாணவர் மூன்று வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படமே பல குடும்பங்களுக்கு எஞ்சியுள்ள ஆவணம். அதைச் சீர் செய்து பேரப்பிள்ளை கையில் கொடுப்பது நற்பணி. கிழிந்த மூலத்தையும், சீர் செய்த படத்தையும், இடையில் கை செய்ததைக் கூறும் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால், அப்பேரப்பிள்ளை தன் பாட்டியின் முகத்தில் எவ்வளவு அவளுடையது என்பதையும் அறிந்துகொள்வான்.